கேட்டலின் பதிவு: சிறந்த நேரடி ஜாஸ் இசைத்தட்டுகளில் இருப்பது என்ன?

நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில், ஏழாவது அவென்யூ ஓரமாக, பதினைந்து படிகள் இறங்கிப் போனால் ஒரு நிலவறை வரும். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் நிகழ்ச்சிக்குக் கூட்டம் அதிகமில்லை. பில் எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ டபுள் பேஸ், பால் மோஷன் டிரம்ஸ். அன்றைய ஒலிப்பதிவை இன்று போட்டுக் கேட்டால், இசைக்கு நடுவே கண்ணாடிக் கோப்பைகள் மோதும் சத்தம் வருகிறது. யாரோ பேசுகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் இதில் ஒரு சத்தம் நுழைந்திருந்தாலும் வாசிப்பை நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கச் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் ஜாஸ் ரசிகர்களிடம், "உங்களுக்குப் பிடித்த நேரடிப் பதிவு எது?" என்று கேட்டால், அடிக்கடி காதில் விழும் விடை இதுதான்.

இந்த விருப்பத்துக்குக் காரணம் என்ன? நேரடிப் பதிவென்றால் கூட்டத்தின் உற்சாகம் என்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உற்சாகம் பெரிதாக இல்லை. தன்னியல்பு என்பார்கள். அது ஒலிப்பதிவுக் கூடத்திலும் வாய்க்கும். ஒலித்தரம் என்றால், பெரும் புகழ்பெற்ற சில பதிவுகளின் ஒலி தேய்ந்தும் மங்கியும் இருக்கிறது. ஆகவே விடையை வேறோர் இடத்தில் தேட வேண்டும். 1938 முதல் 1975 வரை நடந்த சில நிகழ்ச்சிகளின் பதிவுகளை அருகருகே வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவாகப்பட்டது இது: மேன்மையான நேரடிப் பதிவில் வாசிப்போடு சேர்ந்து கேட்டலும் பதிவாகியிருக்கிறது. ஒருவர் வாசிக்கும்போது அடுத்தவர் எப்படிக் காது கொடுத்தார், கேட்டதை வைத்து அடுத்த நொடியில் என்ன செய்தார் என்பது அதில் நமக்குக் கேட்கிறது. இந்தக் கருத்து எந்த அளவுக்கு நிற்கும் என்பதைச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று நிமிட எல்லை

ஜாஸின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு மெட்டு, அதன் அடியில் ஒரு குறிப்பிட்ட வரிசையில் நகரும் ஸ்வரக் கூட்டுகள். முதலில் மெட்டை வாசிப்பார்கள். பிறகு அதே ஸ்வரக் கூட்டுகளின் வரிசை சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றிலும் கலைஞர் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டே போவார். நம் கச்சேரி மரபில் மனோதர்மம் என்கிறோமே, அந்தச் சொல்லே இதற்கும் பொருந்தும். எத்தனை சுற்று போவது என்பது அன்றைய மனநிலையையும் பக்கத்தில் வாசிப்பவரையும் பொறுத்தது.

தொடக்க காலப் பதிவுகளில் இந்த வளர்ச்சிக்கு இடமில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் கொள்ளும். நடன அரங்கில் பத்து நிமிடம் விரிந்த ஒரு பாட்டு, தட்டில் ஏறும்போது அதன் எலும்புக்கூடாக ஏறியது. 1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டை அறிமுகப்படுத்தியது. அதன் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் கொண்டது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அமெரிக்க ஒலிப்பதிவுக் கூடங்களில் காந்த ஒலிநாடாவும் பரவியது. இவ்விரண்டும் சேர்ந்த பிறகே ஓர் இரவின் நீளத்தையும் அதன் நிதானத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தது. நேரடி ஜாஸ் பதிவு என்ற வகை 1950களில் மலர்ந்ததற்கு இந்தத் தொழில்நுட்பமே அடிப்படை.

ஆனால் அந்த வகையின் முதல் பெரும் வெற்றி, தொழில்நுட்பம் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

ஒற்றை மைக்கும் ஓர் அலமாரியும்

1938 ஜனவரி 16. நியூயார்க்கின் கார்னகி ஹால். மேற்கத்தியச் செவ்வியல் இசைக்குரிய அந்த மேடையில் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் குழு வாசித்தது. கறுப்பினக் கலைஞர்களும் வெள்ளையினக் கலைஞர்களும் ஒரே மேடையில் அமர்வதே அரிதாக இருந்த காலம். குட்மனின் நால்வர் குழுவில் டெடி வில்சனும் லயனல் ஹாம்ப்டனும் இருந்தார்கள். கவுண்ட் பேஸி, லெஸ்டர் யங், ஜானி ஹாட்ஜஸ் போன்றவர்கள் விருந்தினர்களாக வந்து வாசித்தார்கள். ஆல்பர்ட் மார்க்ஸ் என்பவரின் ஏற்பாட்டில், மேடைக்கு மேலே தொங்கிய ஒற்றை மைக்கின் வழியாக நிகழ்ச்சி அசிடேட் தட்டுகளில் பதிவானது. அதை விற்பனைக்கு வெளியிடும் எண்ணம் அப்போது யாருக்கும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்தத் தட்டுகள் குட்மன் வீட்டு அலமாரி ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டன. 1950இல் கொலம்பியா அதை எல்பியாக வெளியிட்டது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

அந்த நிகழ்ச்சியின் உச்சம், லூயி பிரிமா இயற்றிய 'சிங், சிங், சிங்'. ஜீன் க்ரூப்பாவின் டிரம்ஸ் இடிபோல முழங்கும் உருப்படி அது. பன்னிரண்டு நிமிடம் போகிறது. கடைசிக் கட்டத்தில் குட்மன் தன் கிளாரினெட்டை மிக உயரமான, மிக மெல்லிய ஒரு ஸ்வரத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். வழக்கமாக அடுத்து முடிவுதான் வரும். அன்று பியானோக் கலைஞர் ஜெஸ் ஸ்டேசிக்கு வாய்ப்புக் கிடைத்தது. அந்த உருப்படியில் அவருக்குத் தனி வாசிப்பு கிடையாது, முன்னேற்பாடும் இல்லை. அவ்வளவு ஆரவாரத்துக்குப் பிறகு அவர் வாசித்த இரண்டு நிமிடங்கள், தேவாலயத்துக்குள் நுழைந்தாற்போல அமைதியானவை.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஸ்டேசியை மட்டுமல்ல, க்ரூப்பாவையும்தான். அதுவரை அரங்கத்தை அதிரவைத்துக்கொண்டிருந்தவர், ஸ்டேசியின் முதல் சில ஸ்வரங்களிலேயே அவர் போகும் திசையைப் புரிந்துகொண்டு, தன் டிரம்ஸை அடக்கிக் கீழே இறக்கிவிடுகிறார். தாளம் நிற்கவில்லை, பியானோவின் அடியில் மூச்சுப்போல ஓடுகிறது. குட்மனின் மெல்லிய ஸ்வரத்தைக் கேட்டதால் ஸ்டேசி அமைதியைத் தேர்ந்தெடுத்தார். ஸ்டேசியைக் கேட்டதால் க்ரூப்பா ஒதுங்கி இடம் விட்டார். ஒற்றை மைக்கின் இரைச்சலுக்கு நடுவே இந்தச் சங்கிலி முழுதாகக் கேட்கிறது. மூன்று நிமிடத் தட்டில் இதற்கு வழியே இருந்திருக்காது.

நியூபோர்ட்: இருபத்தேழு சுற்றுகள்

அடுத்த எடுத்துக்காட்டு கூட்டத்தின் காதைப் பற்றியது. 1956 ஜூலை 7, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட் ஜாஸ் விழா. டியூக் எலிங்டனின் பெரிய குழுவுக்கு அப்போது இறங்குமுகம். சிறு குழுக்களின் பீபாப் இசை கோலோச்சிய ஆண்டுகள் அவை. பெருங்குழுக்களின் காலம் முடிந்துவிட்டது என்றே பலரும் எண்ணினார்கள். நள்ளிரவை நெருங்கும் வேளையில், கூட்டம் கலையத் தொடங்கிய நிலையில், எலிங்டன் 1937இல் தாம் எழுதிய 'டிமினுவெண்டோ அண்ட் கிரஸெண்டோ இன் ப்ளூ' என்ற இரு பகுதிப் படைப்பை எடுத்தார். இரண்டு பகுதிகளுக்கும் இடைப்பட்ட பாலமாக டெனர் சாக்ஸபோன் கலைஞர் பால் கொன்சால்வஸ் வாசிக்க வேண்டும்.

கொன்சால்வஸ் எழுந்தார். புளூஸ் வடிவத்தில் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு தாளக் கட்டங்கள். ஐந்தாறு சுற்றில் முடித்திருக்கலாம். அவர் இருபத்தேழு சுற்று வாசித்தார். கணக்கிட்டால் 324 தாளக் கட்டங்கள். அவருக்கு அடியில் பேஸும் டிரம்ஸும், இடையிடையே எலிங்டனின் பியானோவும் மட்டுமே. கவுண்ட் பேஸி குழுவின் பழைய டிரம்ஸ் கலைஞரான ஜோ ஜோன்ஸ் மேடையருகே அமர்ந்து, சுருட்டிய செய்தித்தாளால் தட்டித் தட்டிக் குழுவை ஊக்கப்படுத்தினார். முன்வரிசைப் பக்கம் கறுப்பு உடையணிந்த பெண் ஒருவர் எழுந்து ஆடத் தொடங்கினார். பிறகு கூட்டமே எழுந்தது. கட்டுமீறிப் போய்விடுமோ என்று விழா ஏற்பாட்டாளர்கள் அஞ்சும் அளவுக்கு ஆரவாரம்.

கொன்சால்வஸின் அந்த வாசிப்பில் சிக்கலான நுணுக்கங்கள் அதிகம் இல்லை. ஸ்வரங்களை மட்டும் எழுதி வைத்துப் படித்தால் இதிலா இவ்வளவு பேர் மயங்கினார்கள் என்று தோன்றலாம். அதன் ஆற்றல் வேறு வகையானது. பத்தாம் சுற்று வாக்கில் கூட்டத்தின் ஓசை ஏறுகிறது. அதைக் கேட்டு அவர் இன்னும் போகிறார். அவர் போவதைக் கேட்டுக் கூட்டம் மேலும் ஏறுகிறது. எலிங்டன் குரல் கொடுத்து உந்துவதும் பதிவில் இருக்கிறது. ஆனாலும் கொன்சால்வஸ் பதறவில்லை, வேகம் கூட்டவில்லை. ஆரவாரம் பெருகப் பெருக அவருடைய தாள நிதானம் இறுகுகிறது. கூட்டத்தைக் கேட்பது ஒன்று. கூட்டத்துக்கு அடிபணிவது வேறு. இந்த வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை. அடுத்த மாதமே 'டைம்' இதழின் அட்டையில் எலிங்டனின் முகம் வந்தது.

ஒட்டவைத்த கைதட்டல்

இதே நியூபோர்ட் இசைத்தட்டுதான் என் கருத்துக்குக் கடுமையான சோதனையும் வைக்கிறது. 1956இல் வெளியான தட்டை, முழுதும் அந்த இரவின் பதிவு என்று நம்பித்தான் ரசிகர்கள் வாங்கினார்கள். உண்மையில் அதன் பெரும்பகுதி, விழா முடிந்த சில நாள்களில் ஒலிப்பதிவுக் கூடத்தில் மறுபடி வாசிக்கப்பட்டு, கூட்டத்தின் ஒலி பின்னர் சேர்க்கப்பட்டது. கொன்சால்வஸின் வாசிப்பு மட்டும் அந்த இரவினுடையதே. ஆனால் மேடையில் இரண்டு மைக் ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று கொலம்பியாவுடையது, மற்றது அமெரிக்க அரசின் வெளிநாட்டு வானொலியான 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா'வுடையது. கொன்சால்வஸ் வானொலியின் மைக்கைப் பார்த்து வாசித்துவிட்டார். அதனால் கொலம்பியா தட்டில் அவருடைய சாக்ஸபோன் எங்கோ தொலைவில் ஒலித்தது.

வானொலி நிலையத்தின் ஒலிநாடா 1990களில் கண்டெடுக்கப்பட்டது. ஃபில் ஷாப் என்ற ஜாஸ் வரலாற்றாளர் இரண்டு ஒலிநாடாக்களையும் இணையாக ஓடவிட்டு, ஒன்றை இடப்பக்கமாகவும் மற்றதை வலப்பக்கமாகவும் வைத்து, 1999இல் உண்மையான இரவை ஸ்டீரியோவில் மீட்டுத் தந்தார். நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு கொன்சால்வஸ் முன்னால் வந்து நின்றார்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கூடத்தில் வாசித்த பகுதிகள் பிழை குறைந்தவை, சீரானவை. ஆனால் அவற்றில் ஒலிக்கும் கைதட்டல் இசைக்கு எந்தப் பதிலும் சொல்லவில்லை. வாசிப்பவர்களும் அந்தக் கைதட்டலைக் கேட்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் அறியாத அண்டை வீட்டார்போல ஒரே தட்டில் குடியிருக்கிறார்கள். உண்மைப் பதிவில் தடுமாற்றங்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு ஒலியும் இன்னோர் ஒலியின் விளைவாக வருகிறது.

ஒட்டுவேலை என்றாலே தள்ளிவிட வேண்டும் என்பதல்ல என் வாதம். 1953 மே 15 அன்று டொராண்டோவின் மாசி ஹாலில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், சார்ல்ஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச் ஆகிய ஐவரும் ஒன்றாக வாசித்தார்கள். அதே இரவில் ராக்கி மார்சியானோவின் குத்துச்சண்டைப் போட்டி நடந்ததால் அரங்கம் நிறையவில்லை. பார்க்கர் கையில் பிளாஸ்டிக்கில் செய்த சாக்ஸபோன். ஒப்பந்தச் சிக்கலால் தட்டில் அவருடைய பெயரைக்கூட மாற்றிப் போட்டார்கள். பேஸ் சரியாகப் பதிவாகாததால் மிங்கஸ் பின்னர் கூடத்தில் தம் பகுதியை மறுபடி வாசித்துச் சேர்த்தார். ஆயினும் பார்க்கரும் கில்லெஸ்பியும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பற்றிக்கொள்ளும் வேகம் அந்த இரவில் நடந்தது. அதை யாரும் ஒட்டவைக்கவில்லை. தட்டு வாழ்வது அதனால்தான். எந்த இடத்தில் ஒட்டு விழுந்திருக்கிறது என்பதே கேள்வி.

நிலவறையின் மூன்று பதிவுகள்

தொடக்கத்தில் சொன்ன நிலவறைக்குத் திரும்புவோம். அதன் பெயர் வில்லேஜ் வான்கார்ட். மேக்ஸ் கார்டன் 1935இல் அதை அங்கே நடத்தத் தொடங்கினார். முதலில் கவிதை வாசிப்பும் நாட்டுப்புறப் பாடல்களும் நடந்த இடம், 1950களின் பிற்பகுதியில் முழுநேர ஜாஸ் அரங்கமானது. முக்கோணம்போல ஒடுங்கும் அறை. 123 பேருக்கு மேல் இடமில்லை. ஒலி முழக்கமாக எதிரொலிக்காமல் நெருக்கமாகவும் தெளிவாகவும் காதுக்கு வரும்படி அந்த வடிவம் அமைந்திருக்கிறது. மேடையில் இருப்பவர்களும் ஒருவரையொருவர் எளிதில் கேட்கலாம். இங்கே எடுத்த பதிவுகள் பலவும் வரலாறு ஆனதில் இந்த அறைக்கும் பங்குண்டு.

1957 நவம்பர் 3. சாக்ஸபோன் கலைஞர் சானி ராலின்ஸ் பியானோவே இல்லாமல், பேஸும் டிரம்ஸும் மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தார். ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர். பியானோ ஸ்வரக் கூட்டுகளை வாசித்துக்கொண்டே இருந்தால் சாக்ஸபோனுக்குப் பாதை போட்டதுபோல ஆகிவிடும். தவறவும் முடியாது, விலகவும் முடியாது. ராலின்ஸ் அந்தப் பாதையை எடுத்துவிட்டார். அதன்பின் பாட்டின் உருவம் மூவரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. ஒருவர் கவனம் சிதறினால் எல்லாம் கலைந்துவிடும். மாலை நிகழ்ச்சியில் டிரம்ஸ் வாசித்த எல்வின் ஜோன்ஸ், ராலின்ஸ் ஒரு சிறு தாளத் துணுக்கை வீசினால் அதைப் பிடித்து வேறு கோணத்தில் திருப்பிப் போடுகிறார். ராலின்ஸ் அதற்கு இன்னொரு விடை சொல்கிறார்.

1961 ஜூன் 25இல் பில் எவன்ஸ் குழு இதையே மெல்லிய குரலில் செய்தது. அந்த நாளில் அவர்கள் பிற்பகலும் மாலையுமாக ஐந்து அமர்வுகள் வாசித்தார்கள். ரிவர்சைட் நிறுவனத்தின் ஆரின் கீப்நியூஸ் தயாரிப்பாளர். பதிவின் தொடக்கத்தில் ஒரு முறை மின்சாரம் தடைப்பட்டு ஒலி அறுந்ததும் உண்டு. வழக்கமான மூவர் குழுவில் பியானோ தலைவர். பேஸ் ஒவ்வொரு தாளத் தட்டிலும் ஒரு ஸ்வரம் என்று நடைபோட்டுத் தாங்கும். டிரம்ஸ் காலத்தைக் காக்கும். இந்த மூவரும் அந்த வேலைப் பங்கீட்டையே மாற்றினார்கள். லஃபாரோ நடைபோடுவதை விட்டுவிட்டு, பியானோவின் மேல் ஸ்தாயிக்கு அருகே போய் எதிர் மெட்டுகளைப் பின்னுகிறார். எவன்ஸ் ஒரு சொற்றொடரை முடிக்கும் முன்பே லஃபாரோவின் பதில் தொடங்கிவிடுகிறது. எவன்ஸ் கையை எடுத்து இடம் விடுகிறார். மோஷன் பிரஷ்களால் தோலை வருடியபடி, தாளத்தை முழுதும் சொல்லாமல் பாதி நம் ஊகத்துக்கு விட்டுவிடுகிறார். எவன்ஸ் தம் அண்ணன் மகளுக்காக இயற்றிய 'வால்ட்ஸ் ஃபார் டெபி'யின் தொடக்கத்தில், பியானோவும் பேஸும் கைகோத்து நடக்கும் குழந்தைகள்போலப் போகின்றன. யார் யாரை அழைத்துப்போகிறார்கள் என்று சொல்ல முடியாது.

அரங்கில் சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று முன்பே சொன்னேன். அந்தச் சத்தமே இந்தப் பதிவின் ஆழத்தை நமக்கு அளந்து காட்டுகிறது. கோப்பைகளின் ஓசைக்குப் பக்கத்தில், மூன்று பேர் உலகில் வேறெதுவும் இல்லாததுபோல ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கூட்டத்தின் ஆதரவு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நியூபோர்ட்டில் ஆயிரக்கணக்கான காதுகள் செய்ததை இங்கே ஆறு காதுகள் செய்தன.

பதினொரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 25. எவன்ஸ் மாதக்கணக்கில் மேடையேறவில்லை. அந்த நாளின் பதிவிலிருந்து தொகுத்த முதல் இசைத்தட்டை லஃபாரோவின் நினைவுக்காகவே அமைத்தார்கள். அது அவர் இயற்றிய 'குளோரியாஸ் ஸ்டெப்'பில் தொடங்கி, அவரே இயற்றிய 'ஜேட் விஷன்ஸ்'சில் முடிகிறது. இந்தத் துயரம் பதிவின் புகழைக் கூட்டியிருக்கலாம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் வாசித்தபோது மூவருக்கும் அது தெரியாது. இசையில் இருப்பது துயரமில்லை, முழுக் கவனம்.

அதே ஆண்டு நவம்பரில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் அதே மேடைக்கு வந்தார். வான் கெல்டர் நான்கு இரவுகளைப் பதிவு செய்தார். டிரம்ஸில் அதே எல்வின் ஜோன்ஸ்; கூடவே எரிக் டால்ஃபி. 'சேசிங் த டிரேன்' பதினாறு நிமிடம் ஓடும் புளூஸ். அதில் பியானோ இல்லை. முன்னே நிறுத்திச் சொல்ல ஒரு மெட்டுகூட இல்லை. சாக்ஸபோன் கத்துகிறது, பிளிறுகிறது, விம்முகிறது. 'டவுன் பீட்' இதழில் விமர்சகர் ஜான் டைனன் அந்த மாதமே கோல்ட்ரேன், டால்ஃபி வாசிப்பை 'ஜாஸுக்கு எதிரானது' என்று கண்டித்தார். அடுத்த ஆண்டு அதே இதழில் இருவரும் விளக்கம் சொன்னார்கள். இன்று கேட்கும்போது, டைனனுக்குக் குழப்பமாகப் பட்ட அந்த வகை வாசிப்புக்குள் ஓர் உரையாடல் இருப்பது தெரிகிறது. கோல்ட்ரேன் ஒரு சொற்றொடரை இழுத்து நீட்டும்போதெல்லாம் ஜோன்ஸ் அதன் அடியில் அலையை எழுப்புகிறார். அலை உடையும் இடத்தில் கோல்ட்ரேன் திரும்புகிறார்.

அந்த இரவுகளில் 'இந்தியா' என்ற உருப்படியும் வாசிக்கப்பட்டது. ஒரே ஆதார ஸ்வரத்தின் மேல் நீண்டு விரியும் இசை அது. கீழே இரண்டு பேஸ் கருவிகள் நிலைநிற்கின்றன. ரவி சங்கரின் இசையைக் கோல்ட்ரேன் ஆழ்ந்து கேட்டவர். 1965இல் பிறந்த தம் மகனுக்கு ரவி என்று பெயரிட்டார். சுருதியின் மேல் நின்று வளரும் இசையில் பழகிய நம் காதுகளுக்கு, கோல்ட்ரேனுக்குள் நுழைய இது நல்ல வாசல்.

கருவியைக் கேட்ட இரவு

இதுவரை கண்டவை கலைஞர்களும் கூட்டமும் ஒருவரையொருவர் கேட்டவை. தனி ஒருவர் வாசித்தால் அவர் யாரைக் கேட்பார்? 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் பியானோக் கலைஞர் கீத் ஜாரட் இதற்கு விடை தந்தார்.

நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த வேரா பிராண்டஸுக்கு வயது பதினெட்டு. நகரின் ஆப்பரா அரங்கில், அன்றைய ஆப்பரா முடிந்த பிறகு, இரவு 11.30 மணிக்குத் தொடக்கம். ஏறக்குறைய 1,400 பேர் வந்திருந்தார்கள். ஜாரட் கேட்டிருந்த பெரிய பியானோவுக்குப் பதிலாக, ஒத்திகைக்கு வைத்திருந்த சிறிய பியானோ மேடையில் இருந்தது. அதன் மேல் ஸ்தாயி தகரம்போல ஒலித்தது. கீழ் ஸ்தாயிக்குக் கனமில்லை. பெடலும் சரியாக வேலை செய்யவில்லை. ஜாரட்டுக்கோ முதுகுவலி, நீண்ட கார்ப் பயண அலுப்பு. வாசிக்க மறுத்தவர், பிராண்டஸ் கெஞ்சிய பிறகு சம்மதித்தார்.

முன்கூட்டி எழுதாமல் முழு நிகழ்ச்சியையும் மேடையிலேயே உருவாக்குவது அவர் வழக்கம். அன்று அந்தப் பியானோவிடம் எது நன்றாக வருகிறது என்று கேட்டு, அதிலிருந்து இசையைக் கட்டினார். நடு ஸ்தாயியிலேயே நெடுநேரம் நின்றார். கீழ் ஸ்தாயியின் கனக்குறைவை ஈடுகட்ட, இடக்கையால் ஒரே தாளக்கோலத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து ஒரு சுழற்சியை உண்டாக்கினார். முதல் பகுதியின் தொடக்க ஸ்வரங்கள், அந்த அரங்கில் நிகழ்ச்சி தொடங்கவிருப்பதை அறிவிக்கும் மணியோசையை ஒத்திருக்கின்றன. கூட்டத்தில் சிலர் அதை உணர்ந்து மெல்லச் சிரிப்பது பதிவிலேயே இருக்கிறது. அரங்கத்தின் ஓசை, கருவியின் குறை இரண்டையும் கேட்டு எழுந்த இசை அது. இசிஎம் நிறுவனம் வெளியிட்ட அந்தத் தட்டு, தனிப் பியானோத் தட்டுகளில் உலகிலேயே மிக அதிகமாக விற்றவற்றுள் முதலிடத்தில் நிற்கிறது. பின்னாளில் அதன் ஸ்வரக்குறிப்பு நூலாக வர ஜாரட் இசைந்தபோதும், இறுதி ஆதாரம் ஒலிப்பதிவுதான் என்றே வலியுறுத்தினார். நொடிக்கு நொடி கேட்டுக் கேட்டு வந்ததைக் காகிதம் சுமக்காது.

தன் குரலையே கேட்டு மீண்டவரும் உண்டு. 1960 பிப்ரவரி 13 அன்று பெர்லினில் பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்டு 'மேக் த நைஃப்' பாடும்போது வரிகளை மறந்தார். பாட்டை நிறுத்தவில்லை. மறந்துவிட்டதையே வரியாக்கி, லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலையும் இடையில் கொண்டுவந்து, மெட்டும் தாளமும் பிசகாமல் முடித்தார். தாம் பாடிக்கொண்டிருப்பதை ஒவ்வொரு நொடியும் கேட்டுக்கொண்டிருப்பவரால் மட்டுமே இது முடியும். அந்தப் பதிவுக்குக் கிராமி விருது கிடைத்தது.

ஒரு மறுப்பும் முடிவும்

ஒலிப்பதிவுக் கூடத்தில் மட்டும் கலைஞர்கள் ஒருவரையொருவர் கேட்பதில்லையா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1959இல் கூடத்தில் பதிவான மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' முழுதும் கேட்டலின் அற்புதம். பில் எவன்ஸ் அதிலும் இருக்கிறார். ஆகவே கேட்டல் நேரடிப் பதிவுக்கு மட்டும் உரிய சொத்து என்று சொல்ல மாட்டேன். வேறுபாடு இதுதான்: கூடத்தில் திரும்பிப் போக வழி உண்டு. மேடையில் இல்லை. ஸ்டேசி அமைதியைத் தேர்ந்ததும், கொன்சால்வஸ் இருபதாம் சுற்றைத் தாண்டியதும், எலா வரிகளை மறந்ததும் திரும்பப் பெற முடியாதவை. அப்படிப்பட்ட நிலையில் கலைஞருக்குக் கைகொடுப்பது அவருடைய காது மட்டுமே. நேரடிப் பதிவு அந்தக் காதை நம் காதுக்கு அருகில் கொண்டுவந்து வைக்கிறது.

தப்பிப் பிழைத்தவற்றை மட்டுமே நாம் கேட்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. தெலோனியஸ் மங்க்கும் கோல்ட்ரேனும் 1957 நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் வாசித்ததை வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா பதிவு செய்திருந்தது. அந்த ஒலிநாடா அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2005இல்தான் லாரி ஆப்பில்பாம் என்ற நூலகரின் கண்ணில் பட்டது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஜாஸ் வரலாறு அந்த இரவு இல்லாமலே எழுதப்பட்டது. ஓர் ஒலிநாடாவைப் பெயரெழுதிப் பாதுகாப்பதும் இசைத் தொண்டுதான்.

புதிதாக ஜாஸ் கேட்க விரும்பும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். வில்லேஜ் வான்கார்ட்டில் எவன்ஸ் குழு வாசித்த 'வால்ட்ஸ் ஃபார் டெபி'யை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை பியானோவைத் தொடருங்கள். இரண்டாம் முறை பேஸை மட்டும் தொடருங்கள். மூன்றாம் முறை பிரஷ்களின் ஓசையோடு போங்கள். நான்காம் முறை நீங்களே போட்டுக் கேட்பீர்கள். அப்போது மூன்றும் ஒன்றாகக் கேட்கும். கோப்பைகள் மோதும் சத்தம் அப்போதும் இருக்கும். அது உங்களைத் தடுக்காது.